ஜி.எச்.சா, பிரைவேட்டா? அதற்கு முன்னால் அந்தச் சின்ன டப்பா

குழந்தை இல்லையென்று திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு தம்பதி வந்திருந்தார்கள். (யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) கூடவே மாமியார். ஜவுளிக்கடைக் கட்டைப்பை நிறைய ரிப்போர்ட்டுகள். அந்தப் பெண்ணுக்கு 27 வயது. தைராய்டு மூன்று தடவை, ஏ.எம்.ஹெச். ரத்தப் பரிசோதனை இரண்டு தடவை, கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் குழாய்ப் படம் ஒன்று, வயிற்றில் துளை போட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பி ஒன்று. மூன்று தனியார் மருத்துவமனைகள் மாறியாகிவிட்டது. மாமியாருக்கு ஒரே ஒரு கேள்விதான்.

"ஏனுங்க டாக்டரம்மா, இனி ஜி.எச்.சுக்கே போயிரலாமுங்களா? இல்ல கோயமுத்தூர்ல இன்னும் பெரிய எடமாப் பாக்கறதுங்களா?"

பையைக் கொட்டித் தேடினேன். கணவருடைய விந்துப் பரிசோதனை ஒன்றுகூட இல்லை. கேட்டதும் அம்மா முந்திக்கொண்டார்: "எம் பையனுக்கு ஒரு கொறையும் இல்லீங்க." பையனோ தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவருக்கு ரிக் வண்டியில் வேலை. போர் போட ஆந்திரா, சத்தீஸ்கர் என்று போனால் திரும்ப மாதக்கணக்காகும். வருஷத்தில் எத்தனை நாள் வீட்டில் இருப்பீர்கள் என்று கேட்டேன். "மழைக்காலத்துல ரெண்டு மாசமுங்க. அப்பறம் நோம்பி நொடின்னா ஒரு வாரம்."

கல்யாணமாகி மூன்று வருஷம். கணக்குப் போட்டால் சேர்ந்து இருந்தது எட்டு மாதம் தேறாது. தடுப்பு எதுவும் இல்லாமல் ஒரு வருஷம் சேர்ந்து வாழ்ந்தும் கரு நிற்கவில்லை என்றால்தான் பரிசோதனை என்பது பொது விதி. பெண்ணுக்கு 35 வயதைத் தாண்டியிருந்தால் ஆறு மாதம். மாதவிலக்கு தாறுமாறாக வருகிறவர்கள், வயிற்றில் ஏற்கெனவே ஆபரேஷன் ஆனவர்கள், ஆணுக்கு விதைப்பையில் பழைய பிரச்சினை உள்ளவர்கள் இதற்கெல்லாம் காத்திருக்க வேண்டாம். இந்தத் தம்பதி எதிலும் சேர்த்தி இல்லை. அதற்குள் அந்தப் பெண் வயிற்றில் மூன்று தையல் வாங்கிவிட்டாள்.

நான் பல வருஷம் அரசு மருத்துவமனையில் மகப்பேறு பிரிவில் இருந்தவள். இப்போது பெருந்துறை ரோட்டில் சின்ன கிளினிக். இரண்டு பக்கமும் உப்புத் தின்றிருக்கிறேன். எங்கே போவது என்பதைவிட எந்த வரிசையில் போவது என்பதில்தான் இங்கே பணமும் வருஷமும் கரைகின்றன.

குழந்தை தாமதமாகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கத்துக் காரணமும் இருக்கும். அதைக் கண்டுபிடிக்கும் விந்துப் பரிசோதனைக்கு ஊசி இல்லை, மயக்கம் இல்லை, செலவும் சில நூறு ரூபாய்தான். ஒரு சின்ன டப்பா. ஆனால் அந்த டப்பாவுக்கும் ஒழுங்குமுறை உண்டு. இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டிருக்க வேண்டும். ஆணுறையில் எடுத்து வரக்கூடாது. லேப்பிலேயே கொடுப்பது நல்லது. வீட்டில் எடுத்தால் உடம்புச் சூட்டோடு வைத்து ஒரு மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள், பைக் டேங்க் கவரில் வேண்டாம். எத்தனை மணிக்கு எடுத்தது, எத்தனை மணிக்குப் பார்த்தது என்று ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டின்படி ஒரு மில்லிக்கு 1 கோடியே 60 லட்சம் விந்தணுக்கள், மொத்த அசைவு 42 சதவீதம் என்பவை கீழ் வரம்பு. 'நார்மல்' என்று ஒரே வார்த்தை எழுதிய ரிப்போர்ட்டை நான் கணக்கில் எடுப்பதில்லை.

எண்ணிக்கை குறைந்தால் உடனே இடிந்துபோக வேண்டாம். அணு உருவாகி வெளியே வர இரண்டரை மாதத்துக்கு மேல் ஆகும். போன மாதம் அடித்த காய்ச்சல் இந்த மாத ரிப்போர்ட்டில் தெரியும். சூடும் அப்படித்தான்: சாயப்பட்டறை, ஸ்டீம் அயர்ன் என்று சூட்டில் நின்று வேலை செய்கிறவரா என்று நான் தவறாமல் கேட்பேன். இரண்டு மூன்று மாதம் விட்டு இன்னொரு தடவை பார்த்த பிறகுதான் முடிவு.

இந்த ஒரு பரிசோதனைக்கு மட்டும், தனி அறை வைத்திருக்கும் நல்ல தனியார் லேப்புக்கே அனுப்புகிறேன். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் டப்பாவைக் கையில் கொடுத்து ஓ.பி. கழிப்பறையைக் காட்டுவோம். வெளியே பத்துப் பேர் கதவைத் தட்டுவார்கள். பாவம், பலர் டப்பாவோடு அப்படியே ஊருக்குப் போய்விடுவார்கள். திரும்ப வந்ததில்லை.

மற்றபடி முதற்கட்டப் பரிசோதனைகளுக்கு ஜி.எச். எந்த விதத்திலும் மட்டம் கிடையாது. ரத்த அளவு, சர்க்கரை, தைராய்டு, ஸ்கேன் எல்லாம் காசில்லாமல் முடியும். ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் அங்கேயே கிடைக்கும். கோவை, ஈரோடு, திருப்பூர், கரூர், நாமக்கல் என்று இப்போது மாவட்டத்துக்கு மாவட்டம் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கருப்பைக் காசநோய் சந்தேகம் வந்தால் அங்கே போவதுதான் புத்திசாலித்தனம். நம் நாட்டில் குழாய் அடைப்புக்கு அது முக்கியமான காரணம். பரிசோதனை, மாத்திரை, தொடர் கவனிப்பு எல்லாம் தேசியத் திட்டத்தில் இலவசம்.

அங்கே இடிப்பது தேதி. குழாய்ப் படத்தை மாதவிலக்கு நின்ற பிறகு, முட்டை வெடிப்பதற்கு முன் எடுக்க வேண்டும். ஏறத்தாழ 6ஆம் நாளிலிருந்து 10ஆம் நாளுக்குள். அந்த நாலைந்து நாளில் ஞாயிறும் அரசு விடுமுறையும் வந்தால் ஒரு மாதம் போச்சு. அடுத்த மாதம் போனால் டாக்டர் மாறியிருப்பார், முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். 26 வயதுக்காரிக்கு இது எரிச்சல். 37 வயதுக்காரிக்கு இது நஷ்டம். அவர்களை நான் வரிசையில் நிற்கச் சொல்வதில்லை.

பிரைவேட்டில் தேதி தவறாது, டாக்டரும் மாறமாட்டார். அங்கே பயம் வேறு. ஏ.எம்.ஹெச். குறைவு என்று சொல்லி, அன்றைக்கே ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய்க் குழந்தை) பேக்கேஜ் தாளை நீட்டுவார்கள். ஒரு சுற்றே லட்சத்தைத் தாண்டும். ஏ.எம்.ஹெச். என்பது முட்டை இருப்பைக் காட்டும் அளவு. இயல்பாகக் கரு நிற்குமா நிற்காதா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. குழாய்ப் படத்தில் கருப்பையை ஒட்டிய இடத்தில் அடைப்பு என்று வந்தாலும், சில சமயம் அது வலியில் குழாய் சுருங்கியதாக இருக்கும். அந்த ஒரு படத்தை நம்பி ஆபரேஷன் மேஜையில் ஏறாதீர்கள். முட்டை வெடித்ததா என்று பார்க்கும் 21ஆம் நாள் ரத்தப் பரிசோதனையும் அப்படித்தான். 28 நாள் சுழற்சி உள்ளவர்களுக்குத்தான் 21. உங்களுக்கு 35 நாளுக்கு ஒருமுறை என்றால் 28ஆம் நாளில் பார்க்க வேண்டும். நாள் தப்பிப் பார்த்துவிட்டு 'முட்டையே வளரவில்லை' என்று எழுதிய ரிப்போர்ட்டுகள் எத்தனையோ என் மேஜைக்கு வந்திருக்கின்றன.

சிகிச்சைக்குத் தனியார் மையம்தான் என்று முடிவானால், செயற்கைக் கருத்தரிப்பு மையங்களுக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்ததா என்று கேளுங்கள். ஐ.யு.ஐ. (விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்துவது) மட்டும் செய்யும் மையத்துக்கு ஒரு பதிவு, ஐ.வி.எஃப். செய்வதற்கு வேறு பதிவு. கேட்டால் கோபித்துக்கொள்ளும் இடத்தில் உங்களுக்கு என்ன சோலி? மெடிக்கல் இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று நம்பியும் போகாதீர்கள். குழந்தையின்மைச் செலவு பெரும்பாலான பாலிசிகளில் விலக்குப் பட்டியலில் 17ஆம் எண்ணில் உட்கார்ந்திருக்கும்.

யாரும் நினைத்துப் பார்க்காத மூன்றாவது கதவு ஒன்று உண்டு: தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் பனியன் கம்பெனி, மில் வேலைக்காரர்களுக்குச் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள். அந்தக் கார்டில் கணவனுக்கோ மனைவிக்கோ கூட வைத்தியம் உண்டு. பக்கத்து டிஸ்பென்சரியில் காட்டி, தேவைப்பட்டால் சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு எழுதி வாங்கலாம்.

எங்கே போனாலும் ரிப்போர்ட்டுகளைத் தேதி வாரியாக ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள். மாதவிலக்கு வந்த நாளை வீட்டுக் காலண்டரில் வட்டமிட்டால் போதும். அந்தக் காலண்டரைப் போட்டோ எடுத்துக் காட்டினாலே எனக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

அந்தத் தம்பதிக்கு வருகிறேன். மாமியாரை டீ குடிக்க அனுப்பிவிட்டு அந்தப் பையனிடம் டப்பாவைப் பற்றிப் பேசினேன். அன்றைக்கு ராத்திரியே அவருக்கு வண்டி. "அடுத்த வாட்டி வர்றப்பக் குடுத்தர்றனுங்களே" என்றார். அந்தப் பெண் இதுவரை ஒரு வார்த்தை பேசாதவள், கட்டைப்பையைத் தூக்கி அவர் மடியில் வைத்துவிட்டு, "லேப்பு அஞ்சு மணி வரைக்கும் இருக்கும்ங்களா டாக்டர்?" என்று என்னைக் கேட்டாள். அப்போது மணி மூன்றரை.