மாரத்தானில் முதல் பாதியை வேகமாக ஓடலாமா?

2022 நியூயார்க் மாரத்தானில் பிரேசில் வீரர் டேனியல் டோ நாசிமென்டோ தொடக்கத்திலேயே எல்லோரையும் விட்டு விலகித் தனியாக ஓடினார். பாதித் தூரத்தை 61 நிமிடம் 22 விநாடியில் கடந்தார். பின்னால் வந்தவர்களுக்கும் அவருக்கும் இரண்டு நிமிடத்துக்கு மேல் இடைவெளி. நவம்பருக்குப் பொருந்தாத வெப்பம் அன்று. 30 கிலோமீட்டரைத் தாண்டிய பிறகு நடக்க ஆரம்பித்தார், சற்று நேரத்தில் சாலையிலேயே விழுந்துவிட்டார். கென்யாவின் எவன்ஸ் செபெட் 2:08:41 நேரத்தில் வென்றார்.

என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்கள் இதைச் சொல்லி, "வேகமா ஆரம்பிச்சா இதுதான் கதி, இல்லையா சார்?" என்று கேட்பதுண்டு. அப்போதெல்லாம் நான் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கைச் சொல்வேன். ஆகஸ்ட் மாத வெயில், முன்னால் ஓடி வேகத்தைச் சீராக வைத்துக்கொடுக்கும் பேஸ்மேக்கர் யாரும் கிடையாது. 21 வயது கென்ய வீரர் சாமி வான்ஜிரு முதல் கிலோமீட்டரிலிருந்தே வேகத்தைக் கூட்டினார். பாதித் தூரம் 62:34, முடித்தது 2:06:32. கார்லோஸ் லோபஸ் 1984-ல் வைத்த ஒலிம்பிக் சாதனையான 2:09:21 அன்று உடைந்தது.

அப்படியானால் என்ன வித்தியாசம்? துணிச்சல் இருவருக்கும் இருந்தது. ஒவ்வொருவரின் அதுவரையான சிறந்த நேரத்தை எடுத்து இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். வான்ஜிருவின் சிறந்த நேரம் 2:05:24, அதில் பாதி 62:42. பெய்ஜிங்கில் அதைவிட 8 விநாடிதான் முந்தினார். பார்த்தவர்களுக்கு அது வெறித்தனமான வேகம், அவர் காலுக்கோ ஏற்கெனவே பழகிய வேகம். நாசிமென்டோவின் சிறந்த நேரம் 2:04:51, பாதி 62:25. பாலங்களும் மேடுகளும் நிறைந்த நியூயார்க்கில், வெப்பத்தில், அதைவிட ஒரு நிமிடத்துக்கு மேல் வேகமாகப் போனார்.

ஆக, முதல் பாதியை உங்கள் சிறந்த நேரத்தின் பாதியைவிட அதிகம் வேகமாக ஓடாதீர்கள், இதுதான் என் கணக்கு. கென்ய வீரர் எலியுட் கிப்சோகே இந்தக் கணக்கை மீறியவர்தான், அதையும் சொல்ல வேண்டும். பெர்லின் 2022-ல் முதல் பாதியை 59:51-ல் ஓடினார். அவருடைய பழைய சாதனையான 2:01:39-ல் பாதியைவிட அது கிட்டத்தட்ட ஒரு நிமிடம் வேகம். இரண்டாம் பாதி 61:18 ஆனது, ஆனாலும் 2:01:09 உலக சாதனை. சமதளப் பாதை, குளிர்ந்த காலை, முன்னால் பேஸ்மேக்கர்கள். அதே மீறலுக்கு பெர்லினில் ஒன்றரை நிமிடம்தான் விலை. நியூயார்க்கில் பந்தயமே போனது. அடுத்த ஆண்டு சிகாகோவில் இன்னொரு கென்ய வீரர் கெல்வின் கிப்டம் அந்தச் சாதனையை 2:00:35 என்று உடைத்தபோது முதல் பாதி 60:48, இரண்டாவது 59:47. 30-லிருந்து 35 கிலோமீட்டர் வரை 13:51! அவ்வளவு வலுவை அதுவரை கையில் வைத்திருந்தார் என்பதுதான் என்னை அசரவைக்கிறது.

உடலுக்குள் நடப்பது இதுதான். தசையிலும் கல்லீரலிலும் சேர்ந்திருக்கும் கிளைக்கோஜன், அதாவது சேமித்து வைத்த மாவுச்சத்து, ஏறக்குறைய 2,000 கலோரி தரும், அவ்வளவுதான். வேகம் கூடக் கூடக் கொழுப்பு எரிவது குறைந்து, கிளைக்கோஜன் வேகமாகக் காலியாகும். உடற்சூடும் ஏறும். ஓடும்போது சாப்பிடும் சர்க்கரை ஜெல் ஓரளவுதான் ஈடுகட்டும். முதல் பத்து கிலோமீட்டரில் இது எதுவும் தெரியாது. பந்தயத்துக்கு முன் ஓய்வெடுத்த கால்கள், சுற்றிலும் கூட்டம், ஆரவாரம், எல்லாம் சேர்ந்து சுலபமாகவே இருக்கும். பந்தயத்தன்று "நல்லா இருக்கேன்" என்ற உணர்வை 30 கிலோமீட்டர் வரை நம்ப வேண்டாம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

நான்கு, ஐந்து மணி நேரத்தில் ஓடுகிறவர்களுக்கும் இதே கணக்குதான். ஆனால் சிறந்த நேரம் என்பது சமீபத்தில், அதே மாதிரி வானிலையில் ஓடியதாக இருக்கட்டும். குளிர் ஊரில் எடுத்த நேரத்தை வைத்து நம் ஊர்ப் புழுக்கத்தில் வேகத்தைத் திட்டமிடாதீர்கள். வியர்வை ஆவியாகாத காலையில் அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கும்.

இன்னொன்று. வெயிலில் ஓடும்போது திடீரென்று குளிரெடுத்தால், மயிர்க்கூச்செறிந்தால், கால் தள்ளாடினால், பேச்சு குழறினால் உடனே நில்லுங்கள். உடல் அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டதன் அடையாளம் அது. மீதி எத்தனை கிலோமீட்டர் என்று பார்க்காதீர்கள். பக்கத்தில் ஓடுகிறவர் அப்படி இருந்தால் நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறுங்கள். ஐஸ் கிடைத்தால் கழுத்திலும் அக்குளிலும் வையுங்கள். மருத்துவக் குழு வரும்வரை குளிர்விப்பதை நிறுத்த வேண்டாம். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.