பேனாக்கத்திக்குச் சீமைக்கருவேலப் பிடி

கரி மூட்டத்துக்குப் போகும் சீமைக்கருவேல விறகில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கினால், மடக்குக் கத்தியின் பிடிக்கு இரண்டு பக்கமும் பட்டை போட்டுவிடலாம். இராமநாதபுரத்தில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். தேக்கு இருக்க, ஈட்டி இருக்க, காடுகரையெல்லாம் மண்டிக் கிடக்கும் அந்தச் சனியனா என்பார்கள். எனக்கும் அந்த மரத்தின் மேல் பிரியம் கிடையாது. ஆனால் பாம்பன், தொண்டி பக்கம் கத்திப்பிடி போடுகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ஈரத்துக்கு மரம் எவ்வளவு அசையும் என்பதுதான்.

மடக்குக் கத்தியைப் பிரித்தால் நடுவில் அலகு, அதன் இரு புறமும் மெல்லிய உலோகத் தகடு, தகட்டின் மேல் கையில் படும் பட்டை. பட்டையின் கனம் பெரும்பாலும் 3, 4 மில்லிமீட்டர். தகடே இல்லாத கத்தியும் உண்டு. பிரான்சில் 1890-இல் ஜோசப் ஒப்பினெல் வடிவமைத்த கத்திக்கு ஒரே மரப்பிடிதான். அதில் கீறிய பிளவுக்குள் அலகு மடங்கும். நன்றாக நனைந்தால் மரம் உப்பி அலகைக் கவ்விக்கொள்ளும், நகம் போட்டு இழுத்தாலும் வராது. அந்தக் கத்தி வைத்திருப்பவர்களின் பழைய புலம்பல் இது.

காரணம் எளிது. மரம் காற்றோடு ஓயாமல் ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக இருந்தால், மரம் தன் உலர் எடையில் ஏறக்குறைய 12 சதவீதம் நீர் வைத்திருக்கும். ஈரப்பதம் 80 ஆனால் அது 16 ஆகும். சுருக்கமும் உப்பலும் நடப்பது மரத்திலுள்ள இந்த நீர் 28 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்போதுதான். அதற்கு மேலுள்ளது செல்லின் குழிக்குள் நிற்கும் தண்ணீர். அது வற்றினால் எடை குறையும், அளவு மாறாது.

பச்சை மரம் முழுக்கக் காயும்போது, வளையத்தின் (குறுக்கே வெட்டினால் தெரியும் ஆண்டு வளையம்) போக்கில் சராசரியாக 8 சதவீதம் சுருங்கும். சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவான அமெரிக்க மெஸ்கீட் 3 சதவீதத்தை ஒட்டியே நின்றுவிடும். 20 மில்லிமீட்டர் அகலப் பட்டைக்குக் கணக்குப் போடுவோம். ஏசி அறையில் 12 சதவீதத்தில் இழைத்த பட்டை, ஐப்பசி மழையில் 16-க்கு ஏறுகிறது. சராசரி மரம் கால் மில்லிமீட்டர் அளவுக்கு உப்பும், மெஸ்கீட் 0.1-ஐக்கூடத் தொடாது. அடியிலுள்ள எஃகுத் தகடு ஈரத்துக்கு அசையவே அசையாது. பத்து டிகிரி சூடேறினாலும் அது விரிவது 0.002 மில்லிமீட்டர் அளவுதான். கால் மில்லிமீட்டர் விளிம்பு தகட்டைத் தாண்டி நீட்டினால் விரல்நுனி உடனே கண்டுபிடித்துவிடும்.

அறுக்கும் திசையிலும் லாபம் இருக்கிறது. கட்டையின் நடுவிலிருந்து மேற்பட்டை நோக்கிய திசையில், பெரும்பாலான மரங்களின் அசைவு வளையப் போக்கில் இருப்பதில் பாதிதான். பிடியின் அகலம் அந்தத் திசையில் வருமாறு அறுங்கள். நீளவாக்கில் அசைவு இல்லையென்றே சொல்லலாம். சீமைக்கருவேலம் கோணல்மாணலாக வளர்வதால் கதவுக்கு ஆகாது. நமக்கு வேண்டியதோ பத்து சென்டிமீட்டர் நேர்த்துண்டு. வெளிறை (ஓரத்து இளமரத்தை) ஒதுக்கி வைரத்தை (நடுவிலுள்ள முதிர்ந்த மரத்தை) எடுங்கள். வெட்டுமுனை வழியாக ஈரம் வேகமாக ஓடி வெடிப்பு விழும் என்பதால் முனைகளில் மெழுகு பூசி நிழலில் போடுங்கள். சமையல் தராசில் எடை மாறாமல் நிற்கும்வரை பொறுக்க வேண்டும்.

கத்தியின் பழைய பட்டையை அளவு மாதிரியாக இருபக்க டேப்பால் கட்டையில் ஒட்டி, முதலில் துளை, பிறகு வடிவம். வடிவத்தை அரத்தால் திருத்தலாம். தவறிய துளைக்கு மருந்தில்லை. உப்புத்தாள் போடும்போது முகக்கவசம் கட்டாயம். மரத்தூள் நுரையீரலுக்கு ஆகாது.

பனையின் கருங்கோடுகளைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் அந்தக் கோடுகள் கடினமான நார்க்கற்றைகள். இடையில் இருப்பது மென்மையான சோறு. ரெசின் (இறுகும் பிசின்) ஊற்றி இறுக்காவிட்டால் சிராய் கிளம்பும், முனை வழியே தண்ணீரும் ஏறும்.

இனி உப்பு. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் கசியும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு 33 சதவீதத்திலேயே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். கடலில் நனைந்த கத்தியைத் துடைத்து வைத்தாலும் பட்டைக்கும் தகட்டுக்கும் நடுவே இடுக்கு காய்வதில்லை. துருப்பிடிக்காத எஃகைக் காப்பது சில நானோமீட்டர் கனமுள்ள குரோமியம் ஆக்சைடு படலம். அது கீறினால் ஆக்சிஜனைக் கொண்டு தானே ஆறிக்கொள்ளும். இடுக்கிலோ ஆக்சிஜன் தீர்ந்து, குளோரைடு சேர்ந்து, நீர் அமிலமாகிப் படலம் உடைகிறது. வெளியே பளபளக்கும் கத்தி உள்ளே குழிகுழியாக அரிபடுவது இப்படித்தான்.

எனவே பட்டையை எபாக்சியால் (இரண்டு கூறுகளைக் கலந்து போடும் பசை) இடுக்கே இல்லாமல் ஒட்ட வேண்டும், இல்லையேல் கழற்றக்கூடிய திருகு போட வேண்டும். வெறும் ஆணியடித்துப் பசையில்லாமல் விடுவது கடற்கரைக்கு ஒத்துவராது. என் விருப்பம் திருகுதான்: கழற்றி, நல்ல தண்ணீரில் தகட்டைக் கழுவி, உலர்த்தி, பட்டையின் உட்புறத்துக்கும் எண்ணெய் தடவி மாட்டலாம். தகடு கரிம எஃகாக (துருப்பிடிக்கும் எஃகாக) இருந்தால் பித்தளைத் திருகைத் தவிர்த்துவிடுங்கள். உப்புநீரில் அவை இரண்டும் தொட்டுக்கொண்டால் அரிபடுவது எஃகுதான்.