நூறு ரூபாய்க்கு எத்தனை லிட்டர்?

"பெட்ரோல் விலை ஏறினால் எனக்கென்ன, நான் எப்பவும் நூறு ரூபாய்க்குத்தானே போடுறேன்" என்கிற பழைய ஜோக் தெரியும்தானே? மாதாமாதம் ஒரே தொகைக்கு இடிஎஃப் வாங்குகிறவரும் கிட்டத்தட்ட அதைத்தான் செய்கிறார். என்ன, அவர் வாங்கியது எரிந்து தீர்ந்துபோவதில்லை.

இடிஎஃப் என்பது நிஃப்டி போன்ற ஒரு பங்குச் சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை அதே விகிதத்தில் வாங்கி வைத்திருக்கும் ஃபண்டு. அதன் யூனிட்டைப் பங்கு போலவே சந்தையில் வாங்கலாம், விற்கலாம். இந்தியாவில் இதற்குப் பிள்ளையார் சுழி போட்டது நிஃப்டி பீஸ். 2001 டிசம்பரில் வந்தது.

சரி, கணக்குக்கு வருவோம். மாதம் 4,000 ரூபாய். யூனிட் விலை முதல் மாதம் 100, அடுத்து 80, அடுத்து 50. கிடைப்பவை 40, 50, 80 யூனிட்கள். மொத்தம் 170. மூன்று விலைகளின் சராசரி 76.67 ரூபாய், நமக்கு ஒரு யூனிட் விழுந்ததோ 70.59 ரூபாய்க்கு. மலிவான மாதத்தில் தானாகவே அதிகம் வாங்கிவிடுகிறோம், அவ்வளவுதான். 60 கிலோமீட்டர் வேகத்தில் போய், 40-ல் திரும்பும் பேருந்தின் சராசரி வேகம் 50 அல்ல, 48 என்று பள்ளியில் படித்தோமே, அதே இசைச் சராசரிதான் இது. விலைகள் மாறிக்கொண்டே இருந்தால் அது சாதாரணச் சராசரியைவிடக் குறைவாகத்தான் வரும்.

"சராசரி விலை குறைந்துவிட்டது, கவலை வேண்டாம்" என்கிற விற்பனைப் பேச்சு இந்த இடத்தில்தான் நம்மை ஏமாற்றுகிறது. 70.59-க்கு வாங்கியது இப்போது 50 ரூபாய். போட்ட 12,000 ரூபாய் 8,500 ஆகிவிட்டது. சராசரி குறைந்தது உண்மை, நஷ்டமும் உண்மை. நான்காம் மாதம் விலை 80-க்கு வந்தால் கதை மாறும்: 220 யூனிட், 17,600 ரூபாய், லாபம் 1,600. விலை இன்னும் பழைய 100-ஐத் தொடவில்லை என்பதைக் கவனியுங்கள். அதே 16,000-ஐ முதல் நாளே மொத்தமாகப் போட்டவர் கையில் 12,800தான் இருக்கும். ஆனால் விலை 100, 110, 120 என்று ஏறிக்கொண்டே போயிருந்தால் ஜெயிப்பது அவர்தான். நீண்ட காலத்தில் சந்தைகள் பெரும்பாலும் ஏறியே வந்திருப்பதால், கையில் மொத்தப் பணம் இருப்பவருக்குத் தவணை முறை பெரும்பாலும் பின்தங்கும். மாதச் சம்பளக்காரருக்கு அந்தக் கேள்வியே எழாது.

இடிஎஃப்பில் சில்லறைத் தொல்லை ஒன்று உண்டு. முழு யூனிட்டாகத்தான் வாங்க முடியும். விலை 270 என்றால் 5,000 ரூபாய்க்கு 18 யூனிட். 140 ரூபாய் மிஞ்சும். அதே குறியீட்டைப் பின்பற்றும், ஆனால் சந்தையில் அல்லாமல் ஃபண்டு நிறுவனத்திடமே வாங்கும் இண்டெக்ஸ் ஃபண்டில் பின்னமாகவே யூனிட் கிடைத்துவிடும்.

அதைவிடப் பெரிய விஷயம், சந்தை விலையும் உள்ளிருக்கும் பங்குகளின் மதிப்பும், அதாவது என்ஏவியும், ஒன்றல்ல. விலை மதிப்பைத் தாண்டி ஏறினால், மார்க்கெட் மேக்கர்கள், அதாவது யூனிட்களை வாங்கவும் விற்கவும் எப்போதும் தயாராக நிற்கும் நிறுவனங்கள், பங்குகளையோ அவற்றுக்கான பணத்தையோ ஃபண்டிடம் கொடுத்துப் புது யூனிட்களை மொத்தமாகப் பெற்றுச் சந்தையில் விற்பார்கள், விலை இறங்கிவிடும். இந்தக் குழாய் அடைத்தால் என்ன ஆகும்? வெளிநாட்டுப் பங்குகளில் இந்திய ஃபண்டுகள் போடும் பணத்துக்கு வரம்பு இருக்கிறது. வரம்பு நிரம்பியதும் புது யூனிட் உருவாக்குவது நின்றது; அமெரிக்கக் குறியீடான நாஸ்டாக் 100-ஐப் பின்பற்றும் இடிஎஃப்கள் மதிப்பைவிட அதிக விலைக்குக் கைமாறின. மாதாமாதம் தானாக ஓடும் எஸ்ஐபி (தவணை முதலீடு) ஆர்டர் இதையெல்லாம் பார்க்காது, விற்பவர் கேட்ட விலைக்கு வாங்கிப் போட்டுவிடும். அதனால் இடிஎஃப்பை மட்டும் நானே, சந்தை நேரத்தில் உடனுக்குடன் காட்டப்படும் உத்தேச என்ஏவியான ஐஎன்ஏவியைப் பார்த்துவிட்டு, இந்த விலைக்கு மேல் வேண்டாம் என்று சொல்லும் லிமிட் ஆர்டரில்தான் வாங்குகிறேன்.