ஐந்து நிமிடம் இருண்ட கண்

எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் நாளிதழ் படித்துக்கொண்டிருக்கிறார். திடீரென்று ஒரு கண்ணில் மேலிருந்து கீழாகத் திரை இறங்குவதுபோல இருள் வருகிறது. வலி இல்லை, உறுத்தல் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார், கண்ணைக் கசக்குகிறார். நான்கைந்து நிமிடத்தில் பார்வை பழையபடி வந்துவிடுகிறது. வயதாகிவிட்டது, இதெல்லாம் இருக்கும்தான் என்று யாரிடமும் சொல்லாமல் விட்டுவிடுகிறார். சொன்னாலும், கண்புரையாக இருக்கும், அடுத்த மாதம் டாக்டரிடம் காட்டலாம் என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

கண்புரை இப்படி வராது. அது மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்லப் பார்வையை மங்கவைக்கும். ஐந்து நிமிடம் வந்துவிட்டுப் போகாது. முதுமையில் நிமிடக்கணக்கில் வந்து போகிற இருட்டு என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ரத்த ஓட்டத்தைத்தான். பார்வை திரும்பிவிட்டதே என்று நிம்மதி அடைகிறோம் பாருங்கள், சிக்கலே அங்கேதான். வலித்தால் ஓடுவோம், சரியாகிப்போனதற்கு யார் ஓடுவார்கள்?

கண்ணுக்கு ரத்தம் போகும் வழியைப் பார்த்தால் விஷயம் புரியும். கழுத்தின் இரண்டு பக்கமும் துடிக்கிறதே, அந்தக் கரோட்டிட் தமனி தாடைக்குக் கீழே இரண்டாகப் பிரிகிறது. உட்புறக் கிளை மூளைக்குப் போகிறது. மண்டைக்குள் போனதும் அது விடுகிற முதல் முக்கியக் கிளை கண்ணுக்கானது. அதிலிருந்து பிரியும் ஒரு மெல்லிய குழாய், பார்வை நரம்புக்குள் புகுந்து விழித்திரையின் உள்ளடுக்குகளுக்கு ரத்தம் கொடுக்கிறது. விழித்திரை மூளையின் ஒரு நீட்சி. எடைக்கு எடை பார்த்தால் உடலிலேயே ஆக்சிஜனை மிக அதிகமாகச் செலவழிக்கும் திசுக்களில் ஒன்று. ஆனால் பெரும்பாலானவர்களுக்கு அந்த உள்ளடுக்குகளுக்கு மாற்று வழி கிடையாது. அந்த ஒரு குழாய் அடைபட்டால் சில நொடிகளில் பார்வை போய்விடும்.

கழுத்தில் தமனி பிரியும் இடத்தில் வருடக்கணக்காகக் கொழுப்பு படிகிறது. அந்தப் படிவு வெடித்து, மேலே ரத்தம் உறைந்து, துணுக்குகள் பெயர்ந்து ஓட்டத்தோடு போகின்றன. அப்படி ஒரு துணுக்கு விழித்திரைக் குழாயில் சிக்கினால் இருட்டு. உடைந்து நகர்ந்துவிட்டால் வெளிச்சம். இது வெறும் ஊகம் அல்ல. மில்லர் ஃபிஷர் என்ற நரம்பியல் மருத்துவர், இருட்டு வந்திருந்த நேரத்திலேயே ஒரு நோயாளியின் கண்ணுக்குள் கருவி வைத்துப் பார்த்து, வெள்ளையான ஏதோ ஒன்று விழித்திரைத் தமனிகள் வழியாக மெதுவாக நகர்ந்து போவதை 1959-இல் பதிவு செய்தார். இரண்டு வருடம் கழித்து, 1961-இல், மேயோ கிளினிக்கின் ராபர்ட் ஹாலன்ஹார்ஸ்ட் அதே குழாய்களின் கவைகளில் ஒட்டிக்கொண்டிருக்கும் பளபளப்பான மஞ்சள் துணுக்குகளை விவரித்தார். கொலஸ்டிரால் படிகங்கள். இன்றும் கண் மருத்துவர்கள் அவர் பெயரால்தான் அவற்றைக் குறிப்பிடுகிறார்கள்.

இந்தத் துணுக்கு கண்ணுக்குப் போனது தற்செயல். அடுத்தது அதே கழுத்துத் தமனி வழியாக நேராக மூளைக்குப் போகலாம். அதனால்தான் மருத்துவத்தில் இதைக் கண் நோயாக மட்டும் வைத்துக்கொள்வதில்லை. வந்து மறைந்த சிறு பக்கவாதமாகவே கணக்கில் எடுக்கிறார்கள். கை கால் மரத்துப்போய்ச் சரியானவர்களைவிடக் கண் மட்டும் இருண்டவர்களுக்கு ஆபத்து குறைவுதான். ஆனாலும் அந்த ஆபத்து முதல் சில நாட்களில்தான் குவிந்திருக்கிறது. அடுத்த மாதம் பார்க்கலாம் என்பது சரிப்படாது.

டாக்டரிடம் போய்ச் சேரும்போது கண் பெரும்பாலும் சாதாரணமாகத்தான் இருக்கும். மிஞ்சுவது நோயாளி சொல்லும் கதை மட்டுமே. அதில் முதல் கேள்வி: ஒரு கண்ணா, இரண்டு கண்ணுமா? கேட்க எளிது, பதில் சொல்வதுதான் கஷ்டம். மூளையின் பின்பகுதியில் இடப்பக்கம் ரத்தம் குறைந்தால், இரண்டு கண்ணிலும் வலப்பாதி பார்வை போகும். அதை அனுபவிப்பவர் "வலது கண்ணு தெரியல" என்றுதான் சொல்வார். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்திருந்தால் வித்தியாசம் தெரிந்திருக்கும். பதற்றத்தில் யாருக்கும் அது தோன்றாது. அதனால் டாக்டர் சுற்றி வளைத்துக் கேட்பார்: எதிரில் இருந்தவரின் முகம் எப்படித் தெரிந்தது? பாதி முகம் காணாமல் போயிருந்தால், கோளாறு கண்ணுக்குப் பின்னால் மூளையில் இருக்க வாய்ப்பு அதிகம். கூடவே தலைசுற்றல், இரட்டையாகத் தெரிவது, நாக்குக் குழறுவது இருந்ததா என்றும் விசாரிப்பார்.

இன்னொரு முறை வந்தால் ஒரு கையால் ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், பிறகு மற்றதை. இரண்டு நொடி வேலை. எந்த ஸ்கேனும் பிற்பாடு சொல்ல முடியாத தகவல் அதில் கிடைக்கும்.

அடுத்தது, எவ்வளவு நேரம், எப்படி வந்தது என்பது. துணுக்கால் வருவது சட்டென்று வந்து சில நிமிடங்களில் போகும். பார்வை தெரியாமல் போவதுதான் அதன் முக்கிய அடையாளம். மாறாக, மின்னும் வளைகோடு ஒன்று சிறிதாகத் தோன்றி, இருபது முப்பது நிமிடத்தில் மெல்லப் பரவி மறைந்தால், அது ஒற்றைத்தலைவலியின் முன்னறிகுறியாக இருக்கலாம். முதுமையில் தலைவலியே இல்லாமல் இது மட்டும் வருவதுண்டு. 1980-இல் அதை விரிவாக எழுதியவரும் அதே ஃபிஷர்தான். இருந்தாலும் ஐம்பது வயதுக்குமேல் முதன்முறையாக வந்தால், ஒற்றைத்தலைவலிதான் என்று தானே முடிவுகட்டிக்கொள்ளக் கூடாது. குனியும்போதோ எழும்போதோ சில நொடிகள் மட்டும் இருண்டால், மண்டைக்குள் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பு வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். எழுந்து நின்றதும் இரண்டு கண்ணும் ஒருசேர இருட்டிக்கொண்டு வந்தால் ரத்த அழுத்தம் இறங்கியிருக்கும். பல நேரம் அதற்குக் காரணம் அழுத்த மாத்திரையின் அளவு கூடிப்போனதுதான். விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்து கண்ணும் வலித்தால் கண் நீரழுத்தம். கண்ணைச் சிமிட்டினால் தெளிந்துவிட்டால் வறண்ட கண், பயப்பட ஒன்றுமில்லை.

வயதானவர்களிடம் மட்டும் தனியாகத் தேட வேண்டிய ஒரு நோய் இருக்கிறது. தலையின் பெரிய, நடுத்தரத் தமனிகளின் சுவர் அழற்சியால் தடித்துப்போகும் ஜயன்ட் செல் ஆர்ட்டிரைட்டிஸ். ஐம்பது வயதுக்குக் கீழே அநேகமாக வராது. எழுபதைத் தாண்டியவர்களிடமே அதிகம், பெண்களிடம் இன்னும் அதிகம். இதன் அறிகுறிகளை யாரும் கண்ணோடு சேர்த்து யோசிக்க மாட்டார்கள்: தலை சீவும்போது தலைத்தோல் வலிப்பது, நெற்றிப்பொட்டில் புதிதாக வரும் வலி, மென்று சாப்பிடச் சாப்பிடத் தாடை வலித்து, நிறுத்தினால் விட்டுவிடுவது, காலையில் தோள்கள் இறுகிக்கிடப்பது, எடை குறைவது. பல்வலி என்று பல் டாக்டரிடம் போய்விட்டு வந்தவர்களும் உண்டு. இதில் கண் முதலில் சில தடவை இருண்டு திரும்பும். ஒரு நாள் திரும்பாது. சிகிச்சை இல்லாவிட்டால் மற்ற கண்ணும் சில நாட்களிலோ வாரங்களிலோ போய்விடக்கூடும்.

அதனால் உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி ரத்தப் பரிசோதனைகளை அன்றே எடுக்கிறார்கள். சந்தேகம் வலுவாக இருந்தால் அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டையும் அன்றே தொடங்கிவிடுகிறார்கள். நெற்றிப்பொட்டுத் தமனியில் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது அதன்பின் சில நாட்கள் கழித்து நடந்தாலும் பரவாயில்லை. மருந்து தொடங்கியதும் தடயம் உடனே அழிந்துவிடாது. எனக்குத் தெரிந்து, சோதனை முடிவு வரும் முன்பே மருந்தைக் கொடுக்கத் தயங்கக் கூடாத நோய்களில் இது முன்வரிசையில் நிற்கிறது.

மற்றப் பரிசோதனைகள் ரத்தம் போகும் பாதையைப் பின்தொடர்ந்து போகின்றன. கண்மணியை விரியவைத்து விழித்திரை, பிறகு கழுத்துக்கு, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன், இதயத்துக்கு ஈசிஜியும் எக்கோவும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற துடிப்பு அவ்வப்போது மட்டும் வந்து போவதால், சில நாள் ஓயாமல் துடிப்பைப் பதிவு செய்யும் கருவியும் தேவைப்படலாம். மூளைக்கு எம்ஆர்ஐ எடுத்தால், கண் மட்டுமே இருண்டவர்களில் கணிசமான பேருக்கு, அவர்களே அறியாமல் நடந்த சிறு பக்கவாதத்தின் தடம் கிடைக்கிறது.

கழுத்துத் தமனி 70 சதவீதத்துக்கு மேல் சுருங்கியிருந்தால் படிவை அகற்றும் அறுவைசிகிச்சை பக்கவாதத்தைத் தடுக்கும் என்று 1991-இல் வெளியான பெரிய ஆய்வுகள் காட்டின. இயன்றால் இரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டும் என்கிறார்கள். துடிப்பில் கோளாறு என்றால் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து. எல்லாப் பரிசோதனையும் சரியாக இருந்து, காரணமே பிடிபடாமல் வீடு திரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அழுத்தம், சர்க்கரை, கொலஸ்டிரால், புகைப்பழக்கம் எல்லாவற்றையும் கட்டுக்குள் கொண்டுவருவதோடு, பெரும்பாலும் ஆஸ்பிரின் போன்ற மருந்தும் எழுதித்தருவார்கள். கண் மறுபடி இருண்டால், போன முறைதான் ஒன்றுமில்லை என்றார்களே என்று இருந்துவிடாமல், அன்றே திரும்பப் போக வேண்டும்.