மேலே கூடாரம், கீழே துரு

பழைய பிக்கப் வண்டி ஒன்றை வாங்கிச் சீர்செய்து, மேலே கூடாரம் கட்டி, மலைக்கும் கடலோரத்துக்கும் போய்த் தங்கி வரவேண்டும் என்ற ஆசை குமரி மாவட்டத்து இளைஞர்களிடம் வேகமாகப் பரவி வருகிறது. மனதாரச் சொல்கிறேன், இது நல்ல ஆசை. காலையில் கடலில் கால் நனைத்துவிட்டு மதியத்துக்குள் மலையடிவாரம் சேர்ந்துவிடக்கூடிய மண் நம்முடையது. மார்த்தாண்டம் பகுதியில் வாகனப் பணிமனை நடத்திவரும் எனக்கு இருக்கும் கவலை, பணம் செலவாகும் வரிசை பற்றியது. முதலில் விளக்குகள் வருகின்றன. அடுத்துப் பெரிய டயர், கூடாரம், வண்டியை உயர்த்தும் வேலை. வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸும் பிரேக்கும் ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போகின்றன. இந்த வரிசையைத் தலைகீழாகத் திருப்பச் சொல்வதற்காகவே எழுதுகிறேன்.

பொலிரோ, டாடா 207 என்று எந்த வண்டியைப் பார்க்கப் போனாலும், அது இதுவரை என்ன சுமந்தது என்று முதலில் கேளுங்கள். கிலோமீட்டர் கணக்கைத் திருத்திவிடலாம். சரக்கு விட்டுச் சென்ற தடத்தை அவ்வளவு எளிதில் அழிக்க முடியாது. வாழைக்குலையும் ரப்பர் ஷீட்டும் ஏற்றிய வண்டி கிடைத்தால் அதிர்ஷ்டம். குவாரிக் கல்லும் ஜல்லியும் ஏற்றிய வண்டியில், சுமையைத் தாங்கும் வளைந்த இரும்புப் பட்டைகளான லீஃப் ஸ்பிரிங் பிளேட்டுகள் நிமிர்ந்து போயிருக்கும்; சேஸிஸ் வளைந்திருக்கவும் வாய்ப்புண்டு. எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது மீன் ஏற்றிய வண்டியைத்தான். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம், சின்னமுட்டம் துறைமுகங்களிலிருந்து விடியலில் மீன் பெட்டிகளோடு கிளம்பும் வண்டியில், ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் சந்தை போய்ச் சேரும்வரை சொட்டிக்கொண்டே இருக்கும். அது விழும் இடம் சேஸிஸ். ஆண்டுக்கணக்கில் இப்படி ஊறிய இரும்பு, வெளியே பெயின்ட் பளபளக்கும்போதே உள்ளே அடுக்கடுக்காக உரிந்துவிடும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு டார்ச், ஒரு சிறிய சுத்தியல், ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். வண்டியின் அடியில் படுத்து, பின் சக்கரத்தை ஒட்டி லீஃப் ஸ்பிரிங்கைத் தாங்கும் பிராக்கெட் சேஸிஸோடு சேரும் இடத்தைத் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீர் என்று ஒலிக்கும். துரு தின்ற இரும்பு ‘தொப்’ என்று மந்தமாக ஒலிக்கும். தட்டிய அதிர்ச்சியில் செதில் செதிலாகக் கண்ணில் விழும், ஆகவே கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். சந்தேகமான இடத்தில் ஸ்க்ரூடிரைவர் முனையை ஊன்றி அழுத்துங்கள். உள்ளே இறங்கினால் விலை பேசுவதை அங்கேயே நிறுத்திவிடலாம். அடிப்பாகம் முழுவதும் புத்தம்புதிதாகக் கறுப்புப் பூச்சு மினுங்குகிறதா? என் அனுபவத்தில் அது பெரும்பாலும் விற்பதற்காகவே அடிக்கப்பட்ட பூச்சு. துருவைச் சுரண்டாமல் மேலே அடித்த பூச்சு ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கும். ஒன்றும் அடிக்காமல் விட்டதைவிட அது கெடுதல்.

துருப்பிடித்த இடத்தின் மேலேயே ஒரு பிளேட்டை வைத்து வெல்டிங் அடித்துத் தருகிறேன் என்று சொல்லும் பட்டறைகள் உண்டு. ஒப்புக்கொள்ளாதீர்கள். அரித்த பகுதியை நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி எடுத்த பிறகுதான் புதுப் பிளேட் சேர வேண்டும். வெல்டிங் தொடங்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். சேஸிஸ் எண் பொறித்த இடத்தைத் துரு நெருங்கியிருந்தால் அந்த வண்டியே வேண்டாம். தகுதிச் சான்றான எஃப்.சி. எடுக்கும்போது அந்த எண்ணைப் பார்ப்பார்கள்; அழிந்த எண்ணோடு நீங்கள் எங்கும் நியாயம் பேச முடியாது.

அடுத்தது பிரேக். “அண்ணா, பின்பக்கம் மட்டும் கொஞ்சம் உயர்த்தித் தாருங்கள்” என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் அடியில் ஒரு பொருளைக் காட்டுவேன். பல பிக்கப் வண்டிகளில் பின் சக்கரங்களை இணைக்கும் ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு கம்பியோடு இணைந்த சிறிய வால்வு இருக்கும், எல்.எஸ்.பி.வி. என்போம். காலி வண்டியில் பின் சக்கரங்களின் மேல் எடை குறைவு. அவற்றுக்கு முழு அழுத்தத்தில் பிரேக் கிடைத்தால் அவை இறுகி, வண்டி பக்கவாட்டில் சுழன்றுவிடும். அதனால் இந்த வால்வு பின் பிரேக்குக்கான அழுத்தத்தைக் குறைத்து அனுப்புகிறது. சுமை ஏறும்போது சேஸிஸ் தாழ்ந்து ஆக்சிலை நெருங்கும், கம்பி அசையும், வால்வு அழுத்தத்தைக் கூட்டும். இப்போது ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் இடையே கட்டை வைத்து இரண்டு அங்குலம் உயர்த்திவிட்டால், தண்ணீர்த் தொட்டியும் சாமான்களும் ஏற்றி நிரப்பியிருந்தாலும் வண்டி காலியாக இருப்பதாகவே வால்வு எடுத்துக்கொள்ளும். பின் பிரேக் அரை வேலைதான் செய்யும். மொத்தப் பாரமும் முன் பிரேக்கின் தலையில் விழும். சமதளத்தில் இது தெரியவே தெரியாது. பாலமோர் பக்கம் மலைப்பாதையில் மழையில் இறங்கும்போது தெரிந்தால் அது மிகவும் தாமதம். வண்டியை உயர்த்தினால் இந்தக் கம்பியைச் சரிசெய்தாக வேண்டும். சக்கரத்துக்குப் போகும் பிரேக் ஹோஸும் இழுபடாத நீளத்தில் இருக்க வேண்டும்.

பிரேக் ஆயிலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் திரவம். டாட் 3, டாட் 4 என்பவை அதன் தர வகைகள். புதிய டாட் 3 ஆயில் 205 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கொதிக்கக் கூடாது என்பது அதன் தரவரையறை; ஈரம் ஏறிய பிறகு அதே ஆயிலுக்கு 140 டிகிரிதான் உத்தரவாதம். டாட் 4 ஆயிலுக்கு இவை 230, 155. இரண்டு பருவமழையும் கடல் காற்றும் உள்ள நம் ஊரில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. பழைய ஆயிலோடு மலையிறங்கினால் சூட்டில் அது கொதித்து ஆவியாகும். பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் மாற்றுங்கள். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று பழைய லாரி ஓட்டுநர்கள் சொல்வதற்கும் இந்தச் சூடுதான் காரணம்; இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொண்டால் பிரேக் அவ்வளவு சூடேறாது.

ஒரு டன்னுக்கு மேல் சுமக்கும் வண்டிக்குக் கூடாரம் ஒரு பாரமா என்று கேட்கிறார்கள். சுமை எவ்வளவு என்பதோடு அது எந்த உயரத்தில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். சரக்கு ஏற்றும் தட்டின் தரையில் பரவிக் கிடக்கும் நெல் மூட்டையும், தலைக்கு மேலே இரும்புச் சட்டத்தில் ஏறி உட்கார்ந்திருக்கும் கூடாரமும் ஒன்றல்ல. ஒரு பக்கம் சரிந்த எஸ்டேட் பாதையில் மேல்பாரம் வண்டியைச் சரிவின் பக்கமே இழுக்கும். தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்தவர்களுக்கு அங்கே காற்று எப்படி அறையும் என்று தெரியும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பதும் அதனால்தானே. உயரமான பெட்டியோடு அங்கே வேகமாகப் போகாதீர்கள். நூறு லிட்டர் தண்ணீர் என்றால் நூறு கிலோ. அதைத் தட்டின் முன்பகுதியில், கேபினை ஒட்டித் தரையோடு தரையாகக் கட்டுங்கள். மேலே மெத்தையும் துணியும் போனால் போதும்.

நான்கு சக்கரங்களுக்கும் இன்ஜின் விசை போகும் ஃபோர் வீல் டிரைவ் இல்லாத வண்டியை அப்படி மாற்றித் தரச் சொல்கிறவர்களுக்கு என் பதில், வேண்டாம் என்பதே. நம் மாவட்டத்தில் முறையாகப் போகக்கூடிய பாதைகளுக்கு நல்ல டயரும் நிதானமான காலும் போதும். டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கங்களைப் பாருங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. தரையில் படும் பட்டன் நன்றாக இருந்தாலும் பக்கச் சுவரில் வெடிப்பு ஓடிய டயரைக் கரடுமுரடான பாதைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

ஓடைகளைக் கடக்க நேரும் வண்டிக்கு ஒரு சிறிய, மலிவான வேலை இருக்கிறது. ஓடிச் சூடேறிய டிஃபரன்ஷியல் (பின் ஆக்சிலின் நடுவே உள்ள பல்சக்கரப் பெட்டி) குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சட்டெனச் சுருங்கி, மேலே காற்று போய்வருவதற்காக உள்ள ப்ரீதர் துளை வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அந்தத் துளையிலிருந்து ஒரு ரப்பர் குழாயைத் தட்டின் உயரத்துக்கு ஏற்றிவிட்டால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். கடந்து வந்த பிறகு டிஃபரன்ஷியல் ஆயிலைச் சிறிது இறக்கிப் பாருங்கள். பால் கலந்த தேநீர்போல வெளுத்திருந்தால் உடனே மாற்ற வேண்டும், இல்லையென்றால் பேரிங்கும் பல்லும் போய்விடும். கீரிப்பாறை, காளிகேசம் பக்கத்து ஓடைகளில் மலைமேல் பெய்த மழை கீழே வெயிலடிக்கும்போதே வந்து சேரும். தண்ணீர் கலங்கத் தொடங்கினால் இறங்காதீர்கள்.

கூடுதல் விளக்கோ இரண்டாவது பேட்டரியோ வைத்தால், பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தொலைவுக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். 120 வாட் விளக்கு 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்கும். அதற்கேற்ற தடிமனில் ஒயர் போடுங்கள்.

சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாகவே இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆவது பிரிவின்படி, உற்பத்தியாளர் குறிப்பிட்டு ஆர்.சி. புத்தகத்தில் பதிவானதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். முன்னால் மாட்டும் இரும்புத் தடுப்பான புல் பாருக்கு மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே தடை விதித்துவிட்டது. ஆகவே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்காமல் எதையும் வெட்டவோ ஒட்டவோ வேண்டாம். சேஸிஸில் துளையிடாமல், வார்ப்பட்டையால் இறுக்கி, வீடு திரும்பியதும் இறக்கி வைக்கக்கூடிய படுக்கையையும் பெட்டிகளையும் மட்டுமே நான் செய்து தருகிறேன். சரக்கு வண்டியின் தட்டில் ஆட்களை உட்காரவைத்து ஓட்டாதீர்கள். பிள்ளைகள் கெஞ்சினாலும் கூடாது.

தட்டின் மேல் மூடி போட்டு அதற்குள் தூங்குகிறவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரை அருகே சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து உள்ளே பரவிய கார்பன் மோனாக்சைடு அவர்களைக் கொன்றது என்று ஆய்வில் தெரியவந்தது. அந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. மூடிய பெட்டிக்குள் அடுப்பு, கரி, கொசுவை விரட்டும் புகைச்சட்டி எதுவும் வேண்டாம். இன்ஜினை ஓடவிட்டுத் தூங்காதீர்கள். எதிரெதிரே இரண்டு ஜன்னல்களுக்கு வலை அடித்து, இரவு முழுவதும் திறந்து வையுங்கள்.

எங்கே தங்குவது என்பதையும் கிளம்பும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம் சுமார் 400 சதுர கிலோமீட்டர். மாவட்டப் பரப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 1972இன்படி அனுமதியில்லாமல் அதற்குள் நுழையக் கூடாது. கோதையாறு, மோதிரமலைப் பக்கம் யானைகள் ரப்பர் தோட்டங்களுக்குள்ளும் வந்து போகின்றன. அரசு ரப்பர் தோட்டத்துப் பாதை ஆளில்லாமல் கிடப்பதைப் பார்த்து அங்கே கூடாரம் விரிக்காதீர்கள். தோட்ட உரிமையாளரிடம் நேரில் கேட்டு, வீட்டுக்கு அருகிலேயே வண்டியை நிறுத்துவது நல்லது. ஜனவரி, பிப்ரவரியில் ரப்பர் இலை உதிர்ந்து கணுக்கால் உயரத்துக்குக் காய்ந்து கிடக்கும். வண்டியை நிறுத்தும் முன் சைலன்சருக்கு நேர்கீழே உள்ள சருகைக் காலால் தள்ளிவிட்டு, மண் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.