ஃபின்லேயின் புள்ளிகளைத் துடைத்துவிடாதீர்கள்

பழைய அச்சுப் படங்களை ஸ்கேன் செய்து பாதுகாப்பது என் தொழில். 1930-களின் அமெரிக்க அமானுஷ்யக் கதை இதழ்களைச் சேகரிப்பவர்கள் கொண்டுவரும் கோரிக்கை பெரும்பாலும் ஒன்றுதான்: "பளிச்சென்று ஆக்கிக் கொடுங்கள்." அப்படி ஆக்கும்போது எது காணாமல் போகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

'வியர்டு டேல்ஸ்' இதழையே எடுத்துக்கொள்வோம். 1923 மார்ச்சில் சிகாகோவில் தொடங்கியது. அட்டை வழவழப்பான தாள். உள்ளே மலிவான மரக்கூழ்த் தாள். சொரசொரப்பானது, மையை உறிஞ்சக்கூடியது. சாம்பல் நிறங்களைச் சிறு புள்ளிகளாக உடைத்துக் காட்டும், புகைப்படங்களுக்கான நுண்ணிய ஹாஃப்டோன் அச்சு அதில் எடுபடாது, எல்லாம் கலங்கிவிடும். அதனால் உள்பக்கப் படங்கள் கோட்டோவியங்களாகவே இருந்தாக வேண்டும். மை பட்ட இடம் கறுப்பு, படாத இடம் வெள்ளை. நடுவில் சாம்பல் என்று ஒரு நிறமே கிடையாது.

இந்த இக்கட்டுக்குள்தான் 1935 டிசம்பர் இதழில் வெர்ஜில் ஃபின்லே வருகிறார். ரோசெஸ்டர் நகரத்து இளைஞர், அப்போது வயது 21. பேனா முனையில் திரண்டு நிற்கும் மைத்துளி மட்டும் வரையும் அட்டையைத் தொடும்படி வைத்து, புள்ளி புள்ளியாக உருவங்களை எழுப்பினார். கறுப்பு பூசிய அட்டையைச் சுரண்டி வெள்ளைக் கோடுகளையும் எடுத்தார். புள்ளிகள் நெருங்கினால் நிழல், விலகினால் ஒளி. அச்சு தர மறுத்த சாம்பலைத் தன் கையாலேயே உண்டாக்கினார். இவ்வளவு நுட்பமான வேலை அந்தத் தாளில் தேறுமா என்று ஆசிரியர் ஃபார்ன்ஸ்வொர்த் ரைட்டுக்கே சந்தேகம் இருந்தது. அதே தாளில் ஒரு படத்தைச் சோதித்து அச்சிட்டுப் பார்த்த பிறகுதான் தொடர்ந்து வாங்கத் தொடங்கினார்.

இன்றைய மென்பொருளுக்கு அந்தப் புள்ளியும் தூசியும் ஒன்றுதான். இரைச்சல் நீக்கும் வசதியை அழுத்தினால் நுண்புள்ளிகள் கரைகின்றன. செயற்கை நுண்ணறிவால் படத்தைப் பெரிதாக்கினால் புள்ளிகளை ஒன்றாகக் குழைத்து, வழுக்கும் சாம்பல் பரப்பாக்கித் தருகிறது. இல்லாத கண்ணிமையையும் சேர்க்கிறது. பார்க்க அழகாகவே இருக்கும். ஆனால் அது ஃபின்லே வரைந்ததல்ல. இந்த இதழ்களில் வந்த எத்தனையோ படங்களின் மூல ஓவியம் இன்று இல்லை. மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சி அந்தப் பழுப்புத் தாள்தான். எனக்கு வலிப்பது இந்த இடத்தில்தான்.

ஆகவே உள்பக்கக் கோட்டோவியங்களை 1200 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 1200 புள்ளிகள் என்ற நுணுக்கத்தில், ஸ்கேன் செய்யுங்கள். வெறும் கறுப்பு-வெள்ளையாக வேண்டாம், வண்ணத்திலேயே எடுங்கள்; தாளின் பழுப்பும் பதிவாகட்டும். தரம் குறையாத டிஃப் கோப்பாகச் சேமியுங்கள்; ஜேபெக் கோப்பு படத்தைச் சுருக்கும்போது புள்ளிகளின் விளிம்பை அரித்துவிடும். அந்த முதல் கோப்பில் கை வைக்காதீர்கள். திருத்தம் எதுவானாலும் நகலில் மட்டும்.

தாளையும் கவனிக்க வேண்டும். மரக்கூழில் உள்ள லிக்னின் என்ற இயற்கைப் பொருள் வெளிச்சம் பட்டுப் பழுப்பாகும், தாளுக்குள் இருக்கும் அமிலம் இழைகளை அறுக்கும். கடைசியில் பக்கம் அப்பளமாய் நொறுங்கும். இதழை ஸ்கேனர் மேல் கவிழ்த்து அழுத்தினால் முதுகு உடையும். பாதி மட்டும் திறந்துவைத்து மேலிருந்து கேமராவால் எடுப்பதே நல்லது. கிழிசலுக்கு செலோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள், அதன் பசை தாளுக்குள் இறங்கி நிரந்தரக் கறையாகும். ஜப்பானிய மெல்லிய தாளும் கோதுமை மாவுப் பசையும் போதும், பின்னாளில் நீர் காட்டி எடுத்துவிடலாம். லேமினேஷன் செய்தால் மீட்க வழியில்லை. பிவிசி உறையைத் தவிர்த்து, பாலியெஸ்டர் உறையில் போடுங்கள். வெயில் காயும் மாடி அறை கூடாது.

அட்டைப்படங்களின் கதை வேறு. 1930-களில் அவற்றை அதிகம் வரைந்தவர் மார்கரெட் புரண்டேஜ், மொத்தம் 66 அட்டைகள். எல்லாம் பாஸ்டல் சுண்ணம். தொட்டாலே உதிரும். 1938-இல் இதழ் நியூயார்க்குக்கு மாறியபோது, சிகாகோவிலிருந்து அவற்றைச் சேதமில்லாமல் அனுப்புவதே பெரும்பாடாயிற்று. யாரிடமாவது பாஸ்டல் மூல ஓவியம் இருந்தால் அக்ரிலிக் தகட்டில் சட்டம் போடாதீர்கள். அதன் நிலைமின்சாரம் சுண்ணத்தூளை இழுத்துக்கொள்ளும். கண்ணாடி போடுங்கள், அதுவும் ஓவியத்தின் மேல் படாமல் இடைவெளி விட்டு.

புரண்டேஜ் 'எம். புரண்டேஜ்' என்றே கையெழுத்திட்டார். வரைந்தவர் ஒரு பெண் என்பதே தொடக்கத்தில் வாசகர் பலருக்குத் தெரியாது. இன்று இணையத்தில் சுற்றும் படங்களில் அந்தக் கையெழுத்தைக்கூட ஓரம் வெட்டும்போது நறுக்கிவிடுகிறார்கள். விளிம்பு முழுவதும் தெரியும்படி எடுங்கள். ஓவியர் பெயர், இதழ், மாதம், ஆண்டு, பக்க எண் அனைத்தையும் கோப்பின் பெயரிலேயே எழுதிவையுங்கள்.