தாது என்று தேடினால் லேகியம் வருகிறது

1876இல் சென்னை மாகாணத்தைப் பிடித்த பெரும்பஞ்சம் அக்காலத் தமிழ் அச்சில் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டேன். பழைய நூல்களின் மின்தொகுப்பு ஒன்றில் '1876 பஞ்சம்' என்று தட்டினேன். ஒன்றும் வரவில்லை. யாரும் எழுதவில்லை போலும் என்று எழுந்து போயிருந்தால் அது என் அறியாமையாக இருந்திருக்கும்.

ஸ்கேன் செய்யப்பட்ட பக்கம் கணினிக்கு வெறும் படம்தான். எழுத்துணரி மென்பொருள் படத்தை வரிவரியாகப் பிரித்து, தான் பார்த்துப் பழகிய வடிவங்களோடு ஒப்பிட்டு, இது இன்ன எழுத்தாக இருக்கலாம் என்று ஊகிக்கிறது. நாம் தேடுவது அந்த ஊகங்களுக்குள்ளேதான். இன்றைய அச்சில் பழகிய மென்பொருள் பழைய நூலில் தடுமாறும். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவரும்வரை ணை, லை, ளை, னை நான்கும் தும்பிக்கை வளைத்து நின்றவை. ணா, றா, னா முதலியவற்றையும் சேர்த்தால் மாறியவை 13 எழுத்துகள். மை மங்கிய தாளில் ரகரமும் துணைக்காலும் இரட்டைப் பிள்ளைகள்.

ஆண்டு இன்னும் வேடிக்கை. அந்நாளைய நூல்கள் பலவற்றில் அது ௧௮௭௬ என்று தமிழ் எண்ணில் இருக்கும். ௧ அச்சு அசலாகக் ககரம். ௮ அகரம், ௭ எகரம், ௬ 'சு'. ஆகவே எழுத்துணரி அதைக் 'கஅஎசு' என்று எழுதி வைத்துவிடுகிறது. உளறலாகத் தெரியும் இந்தச் சொல்லைத் தட்டிய பிறகுதான் எனக்கு முதல் பக்கங்கள் கிடைத்தன.

அடுத்தது பஞ்சம். 'பஞ்சம்' என்று தேடினால் பஞ்சத்தில், பஞ்சத்தால், பஞ்சகாலம் எதுவும் அகப்படாது. சரி, 'பஞ்ச' என்று சுருக்கினேன். பஞ்சாயத்து, பஞ்சபாண்டவர், பஞ்சாங்கம் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள், பஞ்சுகூட வந்தது. நாம் 'சு' என்று ஒரே எழுத்தாகப் பார்ப்பதை, கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் குறியீட்டு முறையான யூனிகோடு சகரம், அதன்பின் உகரக் குறி என இரண்டாக அடுக்குகிறது. 'பஞ்சு'வின் கடைசிக் குறியை மறைத்துவிட்டால் மிஞ்சுவது 'பஞ்ச'தானே! 'பஞ்சத்த' என்று நீட்டியபோது வேற்றுமை உருபேற்ற வடிவங்கள் மட்டும் தேறின.

அந்தப் பஞ்சத்துக்கு மக்கள் வைத்த பெயர் தாது வருஷப் பஞ்சம். 60 ஆண்டுச் சுழற்சியில் 1876 சித்திரையில் பிறந்தது தாது. வருஷம், வருடம், வருசம் என எழுத்துக்கூட்டல் மூன்று விதம் என்பதால் 'தாது' என்று மட்டும் தேடினேன். வைத்திய நூல்களும் தாதுபுஷ்டி லேகிய விளம்பரங்களும் திரையை நிறைத்தன. பிறகு, 'தாது'வும் 'பஞ்ச'வும் பத்துச் சொற்களுக்குள் சேர்ந்து வரும் இடங்களை மட்டும் கேட்டேன். லேகியம் ஒதுங்கிக்கொண்டது. தாது வருஷத்துப் பஞ்சாங்கம் மட்டும் விடாமல் வந்து நின்றது.